1940-களின் பத்திரமும் எதிர்வீட்டு அம்மாளின் கிளிப்போர்டும்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அம்மாள் கிளிப்போர்டோடு வாசலில் நின்றார். எங்கள் குடியிருப்புப் பகுதியின் டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன், அதாவது மனையில் எதைக் கட்டலாம், எதைக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிய கட்டுப்பாடு, காலாவதியாகப் போகிறதாம், நீட்டிக்கக் கையெழுத்து வேண்டுமாம். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். முகம் லேசாகச் சுருங்கிவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் இருக்கும் ஹூஸ்டனில் ஜோனிங் கிடையாது, அதாவது எங்கே வீடு, எங்கே கடை என்று நகராட்சி பகுதி பிரித்து வைப்பதில்லை. 1948, 1962, 1993 என்று மூன்று முறை மக்களே ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கத்து மனையில் கார் பட்டறை வராமல் தடுப்பது, அந்தக் காலத்தில் மனை பிரித்து விற்றவர் எழுதிவைத்த கட்டுப்பாடுகள்தான். மீறினால் நகராட்சி வக்கீலே கேஸ் போடலாம். சில பத்திரங்கள் பத்துப் பத்து வருடமாகத் தானே நீளும். எங்களுடையது அப்படியில்லை, தேதி வந்தால் முடிந்தது. அப்புறம் ஒரு பழைய வீட்டை இடித்து அதே மனையில் மூன்று டவுன்ஹவுஸ் எழும்பும். 1998-ல் லூப் 610 என்ற நகரைச் சுற்றும் நெடுஞ்சாலைக்குள் 1,400 சதுர அடி மனைக்கே வழிவிட்டார்கள், 2013-ல் வெளியேயும். ஆகவே நீட்டிப்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அந்தத் தாள்களைச் சமையலறை மேஜையில் வைத்துப் படித்தேன். 1940-களில் டைப் அடித்தது. நாலாவது பக்கத்தில், வெள்ளையர் அல்லாதவர் யாரும் இங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விலக்கு என்று இருக்கிறது. கராஜுக்கு மேலே அறை கட்டலாம், அதுவும் வேலைக்காரர்களுக்கு மட்டும். என் அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குவது அந்த அறையில்தான்! 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட வரிகளைச் செல்லாக்காசாக்கியது, 1968-ல் சட்டவிரோதமே ஆனது, சரி. 2021-ல் ஆவணத்திலிருந்தே நீக்க டெக்சாஸ் வழி செய்தது. அப்படியும் வரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, யாரும் மெனக்கெடவில்லை.

இன்னொன்று, வீட்டின் உயரக் கட்டுப்பாடு. 2017-ல் ஹார்வி புயலில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அஸ்திவாரத்தை உயர்த்த நினைத்தவர்களுக்கு இந்த விதிதான் குறுக்கே நின்றது.

முதலில் நீட்டிப்போம், திருத்தம் அப்புறம் பார்க்கலாம் என்கிறது கமிட்டி. அந்த அப்புறம் வராது. எங்களுக்கு வேண்டியது 75 சதவீத வீட்டுக்காரர்களின் கையெழுத்து, அதுவும் நோட்டரி முன்னால். பதில் சொல்லாதவர் கணக்கில் எதிர்ப்புதான். கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து வாடகை வாங்குபவரையும், காலமானவரின் பிள்ளைகளையும் தேடிப் பிடிக்க வேண்டும். இதை இரண்டு தடவை செய்ய யாருக்குத் தெம்பு இருக்கிறது?

எதிர்வீட்டு அம்மாளின் பயமும் நியாயம்தான். திருத்தம் என்றாலே நாலு பேர் நாற்பது கருத்து சொல்வார்கள், கையெழுத்து நின்றுவிடும். அதனால் மூன்றே மூன்று திருத்தங்களைப் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன்: அந்த இனப்பாகுபாட்டு வாக்கியம் போகட்டும், கராஜ் அறையில் சொந்தபந்தம் தங்கட்டும், வெள்ளத்துக்காக உயர்த்தும் அஸ்திவாரம் உயரக் கணக்கில் சேராமல் இருக்கட்டும். சேர்த்தால் வீடு வீடாக நானும் வருகிறேன் என்றேன்.

நேற்று ராத்திரி போன் பண்ணினார். கமிட்டியின் வக்கீல் மூன்று திருத்தங்களுக்கும் ஒத்துக்கொண்டாராம். இந்தச் சனிக்கிழமை தெருக்கோடிப் பன்னிரண்டு வீடுகள் என் பங்கு. அதில் இரண்டு தமிழர் வீடு. இதைப் படித்தீர்களானால் தயவுசெய்து கதவைத் திறங்கள், நன்கொடை கேட்க வரவில்லை.