லாகின் ஆக ஏன் சரியாகப் பத்து விநாடி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் எல்லோரும் ஈஆர்பியை, அதாவது ஸ்டாக், பில், கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும் சாஃப்ட்வேரைத் திறப்பார்கள். பாஸ்வேர்டு போட்டு எண்டர் தட்டியதும் திரை அப்படியே நின்றுவிடும். "தட்டிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்தரலாங்ணா" என்றான் டிஸ்பாட்ச் தம்பி. நான் போய்ச் சேருவதற்கு முன்பே புது சர்வருக்கான கொட்டேஷன் முதலாளி மேசைக்கு வந்திருந்தது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். லாகின் இழுக்கிறது என்றால் நம்மவர்கள் வாயில் முதலில் வருவது ராம் மெமரி. மாதக் கடைசியில் ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கும்போது சர்வர் திணறினால் அது வேறு கதை. பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்ப்பதெல்லாம் ஒரு டேட்டாபேஸுக்கு வேலையே இல்லை. அந்த நேரத்தில் சிபியு சும்மா கிடக்கிறது என்றால் சர்வர் உழைக்கவில்லை, எதற்கோ காத்திருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவனுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

அதனால் நான் முதலில் கேட்பது, எத்தனை விநாடி? "ரொம்ப நேரம் ஆகுதுங்க" என்பது கணக்கில் சேராது. செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஐந்து முறை பார்த்தோம். ஐந்து முறையும் பத்து விநாடியும் கொஞ்சமும். வேலைப்பளு என்றால் ஒருமுறை நான்கு, ஒருமுறை பதினேழு என்று ஏறி இறங்கும். இப்படி அச்சடித்த மாதிரி வந்தால் எங்கோ ஒரு டைம்அவுட், அதாவது பதிலுக்கு இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற கெடு, ஒளிந்திருக்கிறது. சர்வரிலேயே உட்கார்ந்து நேரடியாக நுழைந்தால் கண் இமைக்கும் நேரம்தான். வேறு கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் பத்து விநாடி.

அங்கே இருந்த டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், அது ஓடியது லினக்ஸ் சர்வரில். பழைய பாணி சாஃப்ட்வேர், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நேராக டேட்டாபேஸுடன் பேசும். வெளியிலிருந்து ஓர் இணைப்பு வந்தால், அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி முகவரிக்கு (நெட்வொர்க்கில் அதன் எண்) சொந்தமான பெயர் என்ன என்று மைஎஸ்க்யூஎல் டிஎன்எஸ்ஸிடம், அதாவது பெயரையும் எண்ணையும் பொருத்திச் சொல்லும் சேவையிடம், விசாரிக்கும். லினக்ஸில் நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரு கேள்விக்கு 5 விநாடி காத்திருக்கும், மொத்தம் 2 முறை கேட்டுப் பார்க்கும். அந்த சர்வரில் எழுதியிருந்தது ஒரே ஒரு டிஎன்எஸ் முகவரி. அதுவும், இன்டர்நெட் கம்பெனியை மாற்றியபோது கழற்றி அட்டைப்பெட்டியில் போட்ட பழைய ரவுட்டருடையது. ஐயிரண்டு பத்து. பதிலே வராத கேள்வியை மைஎஸ்க்யூஎல் நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை. அதனால் ஒவ்வொரு லாகினுக்கும் மறுபடி பத்து. "சர்வரை யாரும் தொடவே இல்லீங்க" என்று சத்தியம் செய்தார்கள். சத்தியம் உண்மைதான், தொட்டது ரவுட்டரை.

பெயரை விசாரிக்காதே என்று சொல்லும் ஸ்கிப் நேம் ரிசால்வ் என்ற ஒரு வரியை செட்டிங்கில் சேர்த்து மைஎஸ்க்யூஎல்லை மறுபடி ஓடவிட்டால் போதும். ஆனால் கம்ப்யூட்டர் பெயரை வைத்து அனுமதி கொடுத்த யூசர்கள் அதன்பின் உள்ளே வர முடியாது. முதலில் அந்த அனுமதிகளைத் தேடி ஐபிக்கு மாற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

எல்லா இடத்திலும் டிஎன்எஸ்தான் குற்றவாளி என்று சொல்லவில்லை. மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஆட்டோ குளோஸ் என்ற செட்டிங் தானாகவே ஆனில் இருக்கும். கடைசி ஆள் வெளியேறியதும் டேட்டாபேஸ் மூடிக்கொள்ளும், அடுத்து வருபவர் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2007இல் வந்த ஆரக்கிள் 11ஜி டேட்டாபேஸில், தவறான பாஸ்வேர்டு திரும்பத் திரும்ப வந்தால் வேண்டுமென்றே தாமதம் செய்யும் வசதி சேர்ந்தது. பாஸ்வேர்டு மாற்றியதை யாரும் சொல்லாத தானாக ஓடும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் பழைய பாஸ்வேர்டோடு மூலையில் முட்டிக்கொண்டிருக்கும், அதே ஐடியில் சரியான பாஸ்வேர்டுடன் வருபவரும் மாட்டிக்கொள்வார்.

பத்து விநாடியில் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அக்கா காலையில் ஒருமுறை நுழைந்தால் மாலைவரை லாகவுட் செய்ய மாட்டார். மறுபடி யார் காத்திருப்பது? அவர் சாப்பிடப் போகும்போது அதே ஐடியில் ஸ்டோர்ஸ்காரர் உட்கார்ந்து நூல் வரவு போடுவார், டிஸ்பாட்ச் தம்பி டெலிவரி சலானைத் திருத்துவான். டேட்டாபேஸைப் பொறுத்தவரை எல்லாம் அக்கா செய்தது. ஒரு சலானில் அளவு மாறிப்போய், பழி அவர் தலையில் விழுந்து, அவர் அழுததை நான் பார்த்தேன். முதலாளியின் கணக்கில் இது சர்வர் செலவு, எனக்கு அந்த அழுகைதான் செலவு.

சரி, எல்லோருக்கும் சரியானது, முதலாளிக்கு மட்டும் ஆகவில்லை. அவர் வீட்டிலிருந்து விபிஎன் வழியாக, அதாவது இன்டர்நெட் மூலம் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதையில், வருகிறார். எல்லா உரிமையும் அவருக்கு உண்டு என்பதால் முந்நூறு மெனு. சாஃப்ட்வேர் ஒவ்வொரு மெனுவுக்கும் தனித்தனியாக டேட்டாபேஸிடம் அனுமதி கேட்கிறது. ஒரு முறை போய்வர 40 மில்லிவிநாடி என்றால் மொத்தம் 12 விநாடி. ஆபீஸுக்குள் ஒன்றிரண்டு மில்லிவிநாடிதான், எழுதிய புரோகிராமருக்கு இது தெரிந்தே இருக்காது. அனைத்தையும் ஒரே கேள்வியில் கேட்கலாமே என்றேன், அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றார்கள் சாஃப்ட்வேர்காரர்கள்.

அதுவரைக்கும் நீங்கள் பார்க்கும் இருபது மெனுவோடு ஒரு சின்ன ஐடி போட்டுத் தரட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நான் முதலாளிங்க" என்றார்.