மெய்ப்பில் ஒரு பென்சில் கோடு

என் நாவலின் இரண்டாவது மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி, போன வாரம் கைக்கு வந்தது. மொத்தம் 272 பக்கம். 43ஆம் பக்கத்தில் 'ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்' என்று ஒரு வரி வரும். மெய்ப்புப் பார்த்தவர் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு, 'ஐயரா, பாதிரியாரா? வாசகர் குழம்புவார்' என்று எழுதியிருந்தார். அவர் மேல் குறையில்லை, ஒவ்வொரு வரியையும் கவனமாக வாசித்திருக்கிறார். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் போக எனக்கு மூன்று நாள் ஆனது.

நான் மதுரை பசுமலையில் வளர்ந்தவள். சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட் குடும்பம். எங்கள் வீட்டில் சபையை நடத்துகிறவர் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. ஜி.யு. போப்பையே தமிழ்நாடு போப்பையர் என்றுதானே சொன்னது? கல்யாணமாகி இடைக்காட்டூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் போனேன். அங்கே ஐயர் கிடையாது, சாமியார். ஆராதனை கிடையாது, பூசை. நான் கர்த்தர் என்பேன், மாமியார் ஆண்டவர் என்பார். நான் இயேசு என்பேன், அவர் பழைய வழக்கப்படி சேசு என்பார். முதல் ஒரு வருஷம் ஒரே சமையலறையில் இரண்டு பாஷை பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த சொல் 'கோவில்'. ஞாயிற்றுக்கிழமை காலையில் 'கோவிலுக்குக் கிளம்பலையாம்மா?' என்று அவர் கேட்கும்போது மட்டும் நான் அம்மா வீட்டில் இருப்பது போல இருக்கும்.

இந்த நாவல் அந்தச் சமையலறையில்தான் நடக்கிறது. அதில் ஐயரைப் பாதிரியார் ஆக்கிவிட்டால் கதையில் என்ன மிச்சம்? எங்கள் வீட்டில் யாரும் பாதிரியார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது எங்களை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் வைத்துக்கொண்ட சொல்.

இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறேன். இதற்குள் மூன்று பெயர்களில் எழுதிவிட்டேன். முதலில் ஒரு சபைப் பத்திரிகையில், 'திருமதி' போட்டுக் கணவர் பெயரில். அங்கே எழுதியதில் ஒரு கதை மட்டும் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் ஆராதனைக்கு வருகிறாள். எல்லோரும் எழுந்து நின்று பாமாலை பாடுகிறார்கள். அவளுக்கு வாய் திறக்கவில்லை. பாட்டு முடியும் வரை புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். கதை அவ்வளவுதான். அச்சில் வந்தபோது கடைசியில் ஒரு பத்தி கூடியிருந்தது. அதில் அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் பாடுகிறாள், மனசில் சமாதானம் வருகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊழியத்துக்காகத்தானே என்றார்கள்.

அதற்குப் பிறகு ஒரு பூவின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு பொதுப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். அங்கே வேறு மாதிரி. ஜெபம் வருகிற இடத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், பிரச்சாரம் மாதிரி இருக்கிறது என்று ஒரு கதை திரும்பி வந்தது. காலையில் எழுந்ததும் ஜெபிக்கிற ஒரு பாட்டியைப் பற்றிய கதை அது. ஜெபத்தை எடுத்துவிட்டால் பாட்டி இல்லை. இருந்தும் எடுத்தேன். கதை வெளிவந்தது, நாலு பேர் பாராட்டினார்கள், எனக்குத்தான் அதைத் திரும்ப வாசிக்க முடியவில்லை.

இந்த நாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு என்று இப்போது வரப்போகும் இரண்டு புத்தகங்களிலும் என் ஞானஸ்நானப் பெயர் இருக்கும்.

கிறிஸ்தவ எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டால் வாசகர் சுருங்கிவிடுவார்கள் என்று அக்கறையோடு சொல்கிறவர்கள் உண்டு. தமிழின் முதல் நாவலை எழுதி 1879இல் அச்சேற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அதனால் யார் அதை வாசிக்காமல் போனார்கள்? பாமாவின் 'கருக்கு' 1992இல் இந்த மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. விசுவாசத்துக்குள் வாழ்ந்தவர் திருச்சபைக்குள் இருக்கும் சாதியை நேருக்கு நேராகப் பேசிய புத்தகம் அது. அதற்கும் வெகுகாலம் முன்னால், 1606இல், இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி இதே ஊருக்கு வந்து காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தன் விசுவாசத்துக்குத் தமிழில் சொல் தேடினார். நானூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் தேடித் தேடிச் சேர்ந்த சொற்களை ஒரு நாவலில் வைப்பதற்கு நான் ஏன் கூச வேண்டும்?

சபையாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கதை என்றால் கடைசியில் ஜெபம் கேட்கப்பட வேண்டும், வியாதி சுகமாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நம் வேதாகமமே அப்படி இல்லையே. 88ஆம் சங்கீதம் இருட்டில்தான் முடிகிறது. கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைக்க, மூத்தவன் கோபத்தோடு வாசலில் நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவே இல்லை. கேட்டவர்கள் மனதில் விட்டுவிட்டார். அவர் விட்ட இடத்தில் நான் ஒரு பத்தி சேர்த்து எழுத மாட்டேன். பாட முடியாமல் நின்ற அந்தத் தாயின் கதை, நான் எழுதிய முடிவோடு, என் சிறுகதைத் தொகுப்பில் முதல் கதையாக வருகிறது.

வெளியீட்டு வேலை இன்னும் நிறைய இருக்கிறது. பின்னட்டை வாசகம் முடியவில்லை. 'கிறிஸ்தவ நாவல்' என்று போடலாமா என்று பதிப்பாளர் கேட்டார். 'நாவல்' போதும், பெயரைப் பார்த்தாலே மற்றது தெரிந்துவிடும் என்றேன். (முதல் புத்தகம் போடுகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று: புத்தகத்துக்கான அடையாள எண்ணாகிய ஐ.எஸ்.பி.என். நம் நாட்டில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள அரசு முகமை தருகிறது. எண்ணுக்கென்று யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.) தொகுப்பைச் சபை மண்டபத்திலும் நாவலை ஊருக்குள் பொது அரங்கிலும் வெளியிடச் சொல்லி யோசனை வந்தது. திரும்பவும் இரண்டாகப் பிரிந்து நிற்க எனக்கு மனமில்லை. இரண்டும் ஒரே மாலையில், ஒரே மேடையில்தான். எங்கள் ஐயரும் வருகிறார், ஜெபத்தைக் குறைக்கச் சொன்ன நண்பரையும் அழைத்திருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே ஒரு மேசை போடுவோம். வளர்ந்த பிள்ளைகளைச் சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கும் திடப்படுத்தலுக்குப் பரிசாக வாங்குகிறவர்கள் முதல் கதையை நின்று வாசித்துவிட்டு வாங்குங்கள்.

43ஆம் பக்கத்தில் அந்தப் பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிவிட்டேன். அடிக்குறிப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் நாலு பக்கம் வாசித்தால் ஐயர் யாரென்று யாருக்கும் புரியும். திங்கட்கிழமை மெய்ப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். 118ஆம் பக்கத்தில் மாமியார் சொல்கிற 'சேசு' ஓர் இடத்தில் 'இயேசு' ஆகிக் கிடக்கிறது. அதைத் திருத்திவிட்டு அனுப்புகிறேன்.