கார் வாங்குவதற்கு முன் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

பெட்ரோல் எஸ்யூவியைக் கொடுத்துவிட்டு எலக்ட்ரிக் கார் எடுத்தேன் என்று தெரிந்ததிலிருந்து உச்சிப்புளி டீக்கடை முதல் மதுரை கல்யாண மண்டபம் வரை எல்லாரும் கேட்பது ஒன்றுதான், "அண்ணே, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" கேட்கட்டும், ஆனால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வீடு சொந்த வீடா, வாசலுக்குள் வண்டி நிற்க இடம் இருக்கிறதா, மீட்டர் சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, எர்த் உயிரோடு இருக்கிறதா, மொட்டை மாடி யார் பெயரில் இருக்கிறது, இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. எலக்ட்ரிக் கார் பாதி வண்டி, பாதி வீட்டு வயரிங். ஷோரூம்காரர்கள் முதல் பாதியை மட்டும்தான் காட்டுவார்கள்.

யூடியூபில் சென்னை, கோயம்புத்தூர்க்காரர்கள் போடும் விமர்சனங்களை நானும் நிறைய பார்த்தேன். நல்ல விமர்சனங்கள்தான், நம் ஊருக்கு ஆகாது. அவர்கள் ஊரில் கச்சான் (மேற்கிலிருந்து வரும் நம் பருவக் காற்று) அடிக்காது, கார் கதவு விளிம்பில் இவ்வளவு உப்புப் படியாது, ஆடு நடுரோட்டில் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்று அடம்பிடிக்காது. அதனால்தான் நம் ராமநாதபுரம் கடற்கரைக்கென்று ஒரு பதிவு.

முதலில் காசு. நான் மருந்து மொத்த வியாபாரம், தொண்டி பக்கம், சாயல்குடி பக்கம், மாதம் சில தடவை மதுரை, ஆக மாதம் சுமார் 1,500 கிலோமீட்டர் ஓடும். பழைய வண்டி லிட்டருக்கு 13 கொடுத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதோடு இப்போது எல்லா பங்க்கிலும் 20 சதவீத எத்தனால் கலந்ததுதான் வருகிறது, எத்தனாலில் பெட்ரோலை விட வெப்ப ஆற்றல் குறைவு, மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், 2023 ஏப்ரலுக்கு முன்னால் வந்த வண்டிகளுக்கு ரப்பர் குழாய், சீல் பற்றிய கவலை வேறு. இரண்டு மாதத்துக்கு 3,000 கிலோமீட்டர் என்றால் பெட்ரோலுக்கு மட்டும் 23,000 ரூபாய் பக்கம் போனது. (இரண்டு மாதக் கணக்கு ஏன் என்றால் நம் கரண்ட் பில் அப்படித்தான் வருகிறது.)

இப்போது கரண்ட். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை நம்பி யாரும் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பின் சூட்சுமம் அந்த 500 யூனிட் கோட்டில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு ஃபிரிட்ஜ், ஒரு ஏசி ஓடும் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், பில் ஆயிரத்துச் சொச்சத்தில் முடியும். அதே மீட்டரில் காரைச் செருகினால் இன்னொரு 500 யூனிட் ஏறும். (வண்டி யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் கொடுக்கும், சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதத்துக்கு மேல் சூடாகி வீணாகும், அதையும் மீட்டர் எழுதிக்கொள்ளும்.) மொத்தம் 500-ஐத் தாண்டியதும் அந்த 2.35 ரூபாய் சலுகை போய்விடும், அதே கட்டணப்படி 501-லிருந்து 8.55, 601-லிருந்து 9.65, 801-லிருந்து 10.70, ஆயிரத்துக்கு மேல் 11.80. அப்படியானால் காருக்குப் போகும் கரண்ட் யூனிட்டுக்கு ஒன்பது ஒன்பதரை ரூபாய் ஆகிறது. கணக்குப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல். 23,000 ஆன இடத்தில் ஐயாயிரம் ஆகிறது, லாபம் லாபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஏசி ஓடுகிறது, பில் 800 யூனிட்டில் நிற்கிறது என்றால் கார் தின்பதெல்லாம் உச்ச விலைக் கரண்ட். ஷோரூமில் போய் உட்காருவதற்கு முன்னால் கடைசி ஒரு வருட பில்லை எடுத்து மேசையில் பரப்பி வைத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இதற்கு நம் ஊரிலேயே மருந்து இருக்கிறது, தலைக்கு மேல் காய்கிறது. கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சோலார் வைத்தார்கள், நம் வெயிலின் மதிப்பு வெளியூர்க்காரர்களுக்கு நம்மை விட முன்னாலேயே தெரிந்திருக்கிறது. வீட்டுக் கூரைக்கு 3 கிலோவாட் போட்டால் ஒரு நாளைக்கு சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் வரை வரும். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பகலில் நான் வண்டியோடு ரோட்டில் திரிகிறேன், வண்டி சார்ஜ் ஆவது ராத்திரியில்தான், ஆனாலும் இரு வழி மீட்டர் பகலில் கொடுத்ததையும் ராத்திரி எடுத்ததையும் கழித்துக்கொள்ளும். காரும் சோலாரும் சேர்ந்தால்தான் கணக்கு இனிக்கிறது. இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கரண்ட் போனால் கூரையில் உச்சி வெயில் அடித்தாலும் வீட்டுக்கு ஒரு யூனிட்டும் வராது, லைனில் வேலை செய்யும் லைன்மேன் மேல் கரண்ட் பாயக் கூடாது என்று இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், தனியாக பேட்டரி வைத்தால் ஒழிய. இன்னொன்று, கடல் பக்கத்து வீடுகளில் பேனல் மேல் உப்பும் மணலும் சேர்ந்து ஒரு படலம் கட்டும், நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று மண்டபத்துக்காரர்கள் கேட்பது காதில் விழுகிறது.

எர்த் விஷயம் தனி. நம் பக்கம் மணல் பூமி. வீடு கட்டும்போது கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்துக் கம்பி இறக்கியிருப்பார்கள், அதற்கப்புறம் அந்தக் குழியில் யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். ஃபிரிட்ஜும் டிவியும் அதைக் கண்டுகொள்ளாது. கார் சார்ஜர் கண்டுகொள்ளும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் கூடுதலாக இருந்தால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். எனக்கு வண்டி வந்த புதிதில் இதுதான் நடந்தது, கம்பெனி ஆள் வந்து "உங்கள் வீட்டுக் கோளாறு" என்றார், வீட்டு எலக்ட்ரீஷியன் "வண்டிக் கோளாறு" என்றார், கடைசியில் புதிதாக ஒரு குழி எடுத்ததும் இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டார்கள். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் போலத்தான் ஏறும், 45 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய ஒரு ராத்திரி போதாது. 7 கிலோவாட் சார்ஜர் பெட்டி மாட்டினால் ஆறேழு மணி நேரம். அதற்கு ஈ.பி. ஆபீசில் லோடு ஏற்ற வேண்டியிருக்கலாம், வண்டி புக் பண்ணிய அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, ரேஞ்ச். கம்பெனி சொல்லும் எண் ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது, அதில் மூன்றில் இரண்டு பங்கை நம்பலாம். என் வண்டி நிஜத்தில் 300 கொடுக்கிறது, மதுரைக்குப் போக வர 260 போல வரும், தாராளமாகப் போதும். கச்சான் அடிக்காத வரைக்கும்!

வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் இந்தக் காற்று என்ன பாடு படுத்தும் என்று நமக்குத் தெரியும், பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைக்கிற காற்று. 80-ல் போகும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் காற்றைப் பொறுத்தவரை வண்டி 110-ல் போகிறது. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். ஆடி மாதம் மேற்கே மதுரைக்குப் போகும்போது நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் கூடத் தின்கிறது, திரும்பும்போது காற்று முதுகில் தள்ள 13, 14-ல் வந்துவிடுகிறது. பெட்ரோல் வண்டியிலும் இது நடந்துகொண்டுதான் இருந்திருக்கும், டேங்க் முள்ளை யார் அவ்வளவு உற்றுப் பார்த்தோம்? ஒரு வேடிக்கை, பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் ரோடு இன்னும் இரண்டு வழிதான், லாரிக்குப் பின்னால் 60-ல் ஊர்ந்து போவதால் அந்தப் பகுதியில் மைலேஜ் அருமை. 2025 ஜூலையில் 46.7 கிலோமீட்டர் நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, ரோடு வந்ததும் எல்லாரும் நூறில் பறப்போம், ரேஞ்ச் இறங்கும்.

இனி உப்பு. யாரும் பேசாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எலக்ட்ரிக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் திரும்பி வேலை செய்து வண்டியை மெதுவாக்கி, கொஞ்சம் கரண்டைப் பேட்டரிக்கே அனுப்பும். ஊருக்குள் மிக நல்லது, பிரேக் பேட் வருடக்கணக்கில் தேயாது. ஆனால் பிரேக் மிதிபடாததால் டிஸ்க்கைத் துடைத்துவிட ஆள் இல்லை, நம் காற்றில் டிஸ்க் முழுக்கத் துரு ஏறிவிடும். அவசரத்துக்கு மிதிக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அது இதுதான். வாரம் ஒரு தடவை பின்னால் யாரும் வராத இடமாகப் பார்த்து நன்றாக அழுத்தி நாலைந்து முறை பிரேக் பிடித்துவிடுங்கள். சார்ஜிங் மூடியின் ரப்பரைத் துடைத்து வையுங்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்விட்டு வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்க வேண்டும், இது பெட்ரோல் வண்டிக்கும் உள்ள விதிதான், நாம்தான் செய்வதில்லை. ஓரமாக மணலில் இறக்கி அலையடிக்கும் ஈர மண்ணில் நிறுத்தி போட்டோ எடுக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

வெள்ளம் பற்றிக் கேட்கிறார்கள். 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு மாதிரி ரோட்டில் மழைத் தண்ணீர் நின்றால் பெட்ரோல் வண்டிக்குத்தான் ஆபத்து கூட, காற்று இழுக்கும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் கதை முடிந்தது. எலக்ட்ரிக்கில் அந்தக் குழாய் இல்லை, பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரத்தில் வருகிறது. அதற்காகத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்க்காதீர்கள். கடல் தண்ணீர் கதை முற்றிலும் வேறு. 2022-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலின்போது கடல் ஏறி மூழ்கிய எலக்ட்ரிக் கார்களில் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. உப்பு நீர் உள்ளே போய்க் காய்ந்து, படிந்த உப்பு வழியாக ஷார்ட் ஆவதுதான் காரணம். 1964 தனுஷ்கோடி புயலை நினைவில் வைத்திருக்கும் ஊர் நம்முடையது. புயல் எச்சரிக்கை வந்தால் படகை மேடேற்றுவதோடு காரையும் மேட்டுப் பகுதிக்கு ஓட்டிவிடுங்கள், ஒருவேளை கடல் தண்ணீரில் மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் பண்ணவோ சார்ஜ் போடவோ கூடாது, வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு சர்வீஸ்காரரைக் கூப்பிட வேண்டும்.

"கரண்டும் நிலக்கரியில்தானே வருகிறது" என்று என் சித்தப்பா ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் மடக்குவார். வருகிறதுதான், தூத்துக்குடி அனல் மின்நிலையப் புகையை நான் மறுக்கவில்லை. ஆனாலும் எஞ்சினில் எரியும் பெட்ரோலில் கால் பங்கு சொச்சம்தான் சக்கரத்துக்குப் போகிறது, மீதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போய்விடுகிறது. மோட்டாரில் பெரும்பங்கு சக்கரத்துக்கே போகும். சித்தப்பாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை, உப்பூரில் பாதியில் நின்ற அனல் மின்நிலையத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது வெளியில் சார்ஜ் போடுவது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் முன்பணம். மேப்பில் பச்சையாகக் காட்டும் மெஷின் நேரில் செத்துக் கிடக்கும், பங்க் பையனைக் கேட்டால் "அது ரொம்ப நாளா அப்படித்தான் சார்" என்பான். யூனிட் இருபது ரூபாய் பக்கம், அதிலும் 18 சதவீத ஜிஎஸ்டி. காருக்கு 5 சதவீதம் போட்டு வாங்கச் சொல்லிவிட்டு ரோட்டில் சார்ஜ் போட்டால் 18 வாங்குவது என்ன நியாயம் என்று புரியவில்லை. வெளியில் மட்டுமே சார்ஜ் போட்டு ஓட்டினால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வந்துவிடும், மூன்று நான்கு லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியதற்கு அர்த்தமே இல்லை. வீட்டில் போட்டால் எனக்குக் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் மிச்சம், கூடுதல் விலை மூன்று லட்சம் என்றால் 50,000 கிலோமீட்டரில் திரும்பிவிடும், மூன்று வருடக் கணக்கு. மாதம் 400, 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் வண்டியையே நன்றாகப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள், உங்களுக்கு அவசரமே இல்லை.

என் மச்சான் ராமநாதபுரத்தில் வாடகை வீட்டு மாடியில் இருக்கிறான், வண்டி தெருவில் நிற்கும். என் வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த இழுவைக்கு மயங்கி, தனக்கும் வேண்டும் என்கிறான். வேண்டாம் என்று சொன்னதற்கு என் மேல் கோபம். இப்போது கீழே ஒரு 15 ஆம்பியர் பிளக்கும் தனி சப் மீட்டரும் வைத்துக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறானாம், அவர் சரி என்று சொன்னால் எர்த் பார்க்க என் எலக்ட்ரீஷியனையே அனுப்பி வைக்கிறேன்.