கால்வின் ஜான்சனிடம் திருப்பிக் கேட்ட பணம்

அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் வைட் ரிசீவர் கால்வின் ஜான்சன் 2016 மார்ச் 8 அன்று ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 30. அதற்கு முந்தைய சீசனில் 88 பந்துகளைப் பிடித்து அணியை 1,214 யார்டு முன்னே கொண்டுபோயிருந்தார். கை தளர்ந்துபோய் வெளியேறிய ஆட்டக்காரர் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். "இன்னும் நாலைந்து வருடம் ஆடியிருந்தால் எல்லாச் சாதனையும் இவர் பேரில்தான் இருந்திருக்கும்" என்ற அங்கலாய்ப்பு அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம் இன்றும் ஓயவில்லை. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. அவர் போனது சரியான நேரத்தில்தான். போகும்போது அவரிடம் போனஸ் பணத்தைத் திருப்பிக் கேட்ட லயன்ஸ் நிர்வாகம்தான் அசிங்கமாக நடந்துகொண்டது.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நடுவில் நின்று பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் முன்பே வகுத்துவைத்த பாதையில் ஓடி அந்தப் பந்தைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். பல சமயம் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையைவிட்டுக் கிளம்பிவிடும். இன்ன இடத்தில் இன்ன நொடியில் அவர் இருப்பார் என்ற நம்பிக்கையில் எறியப்படும் பந்து அது. கூடவே ஒட்டிக்கொண்டு ஓடும் கார்னர்பேக், பின்னால் காவல் நிற்கும் சேஃப்டி, இவர்கள் இரண்டு பேரும் அந்த இடத்தைக் குறிவைத்தே வருவார்கள். பந்துக்காக இரண்டு கையையும் மேலே நீட்டும்போது விலா முழுவதும் திறந்து கிடக்கும். கண் பந்தின் மேல் இருப்பதால் எந்தப் பக்கத்திலிருந்து யார் மோதப்போகிறார் என்று தெரியாது. டிவியில் நாம் பார்க்கும் அழகான 'கேட்ச்' ஒவ்வொன்றும் இப்படித்தான் முடிகிறது: நூறு கிலோ உடம்பு ஒன்று இன்னொரு உடம்பின் மேல் முழு வேகத்தில் மோதி, இரண்டும் தரையில் விழுகின்றன.

ஜான்சன் 6 அடி 5 அங்குலம், எடை 108 கிலோ. 2007-ல் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்க்கும் முகாமில் இன்னொருவரிடம் ஷூவைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு 40 யார்டை 4.35 வினாடியில் ஓடினார். அந்த உயரத்துக்கு அந்த வேகம் நியாயமே இல்லாதது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும்போது அந்த ஆண்டு முதல் தேர்வு ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியுடையது. அவர்கள் ஜமார்கஸ் ரசல் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். ரசல் மூன்றே சீசனில் காணாமல் போனார். இரண்டாவது தேர்வில் லயன்ஸுக்கு ஜான்சன் கிடைத்தார். சக ஆட்டக்காரர் ராய் வில்லியம்ஸ் அவருக்கு 'மெகாட்ரான்' என்று பெயர் வைத்தார். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' பொம்மைகளில் வரும் ராட்சத இயந்திரத்தின் பெயர். ஆள் என்னவோ மிக அமைதியானவர். ஜார்ஜியா டெக் கல்லூரியில் படித்தபோது கோடை விடுமுறையில் பொலிவியாவுக்கான சூரியவெப்பக் கழிப்பறைத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து டச்டவுன் அடித்துவிட்டுக் கூத்தாடும் ரிசீவர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இவர் அந்த வழிக்கே போனதில்லை. விளம்பர உலகம் இவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்ல வேண்டும். 2008-ல் லயன்ஸ் 16 ஆட்டம் ஆடி 16-லும் தோற்றது. இந்த அணிகள் ஆடும் லீகான என்எஃப்எல் 16 ஆட்டச் சீசனுக்கு மாறிய பிறகு அப்படி ஒரு அணி அதற்கு முன் இருந்ததில்லை. எறிகிறவர் காயத்தில் விழுவதும் மாற்றப்படுவதுமாக அந்த ஒரே சீசனில் ஜான் கிட்னா, டான் ஓர்லோவ்ஸ்கி, டான்டே கல்பெப்பர் என்று ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் மட்டும் மூன்று பேர். அதே சீசனில் ஜான்சன் 1,331 யார்டும் 12 டச்டவுனும் எடுத்தார். டச்டவுன் பிடித்ததில் அந்த ஆண்டு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். வெற்றியே இல்லாத அணியில் இருந்துகொண்டு! எனக்கு அவருடைய மற்ற எந்தச் சாதனையையும்விட இதுதான் வியப்பு. தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு எதிராக ஆடுகிறவர்களுக்குக் குழப்பம் எதுவும் இல்லை, ஒரே ஒருவரைக் கவனித்தால் போதும். அந்த ஒருவர்தான் இவர்.

2009-ல் குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்ட் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. 2011-ல் டாலஸுக்கு எதிராக 27-3 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தில் மூன்று பேர் சூழ்ந்து நிற்க, அவர்கள் தலைக்கு மேலே எட்டி ஒரு டச்டவுனைப் பிடித்தார். அந்த ஆட்டத்தை லயன்ஸ் 34-30 என்று வென்றது. அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள், நான் எழுதுவதைவிட அது நன்றாகச் சொல்லும். மறு ஆண்டு 122 பந்துகள், 1,964 யார்டு. ஜெர்ரி ரைஸ் 1995-ல் எடுத்திருந்த 1,848 என்ற சாதனை உடைந்தது. 2021-ல் கூப்பர் கப் என்ற ரிசீவர் 17 ஆட்டம் ஆடியும் 1,947-ல் நின்றுவிட்டார். கப்புக்கு அந்த ஆண்டு எறிந்தவரும் இதே ஸ்டாஃபோர்ட்தான், வேறு அணியில். ஆனால் 2012-ன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தச் சீசனில் லயன்ஸ் வென்றது நான்கே ஆட்டம். ஸ்டாஃபோர்ட் 727 முறை பந்தை எறிந்தார், அப்போது அதுவே ஒரு சாதனை. பின்தங்கிப் பின்தங்கி எறிந்துகொண்டே இருந்தார்கள். ஜான்சனும் பிடித்துப் பிடித்து விழுந்துகொண்டே இருந்தார். சாதனைப் புத்தகத்தில் இருக்கும் அந்த எண்ணை நான் ஒரு மனிதன் எத்தனை முறை தரையில் அறையப்பட்டான் என்ற கணக்காகவும் படிக்கிறேன்.

2010-ல் சிகாகோவில் அவர் பிடித்த பந்தை நடுவர்கள் பிடிக்கவில்லை என்று அறிவித்த கதையை இந்த ஆட்டம் பார்ப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். கடைசி அரை நிமிடம், பிடித்தால் முன்னிலை. பிடித்தார், கால்கள் உள்ளே பட்டன, விழுந்தார், எழும்போது பந்து கையிலிருந்து தரைக்குப் போனது. செல்லாது என்றார்கள். ஆட்டம் 19-14 என்று போயிற்று. அந்த விதியை 2018-ல்தான் திருத்தினார்கள். அதற்குள் அவர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு ஆகிவிட்டது.

உடம்புக்கு வருவோம். 2013-ல் டாலஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 329 யார்டு எடுத்தார். கூடுதல் நேரம் இல்லாத ஆட்டத்தில் அதற்கு மேல் யாரும் எடுத்ததில்லை. அந்தச் சீசன் முடிந்ததும் முழங்காலிலும் விரலிலும் அறுவை சிகிச்சை. அடுத்த சீசனில் கணுக்காலில் காயம். வலி மாத்திரை மிட்டாய் மாதிரி கிடைத்தது என்று ஓய்வுக்குப் பிறகு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்ததும் சீசனுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் என்று பின்னாளில் அவரே சொன்னார். ஒன்பது சீசன் ஆடியவர். இதைக் கேட்ட பிறகும் "இன்னும் நாலு வருடம்" என்று கேட்கிறவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. அந்த நாலு வருடத்தை நாம் சோபாவில் உட்கார்ந்து கழித்திருப்போம்.

இப்போது பணம். 2012-ல் லயன்ஸ் அவருடன் எட்டு ஆண்டுக்கு 13.2 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் போட்டது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் என்எஃப்எல் ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் தெரியும் தொகை வேறு, உறுதியளிக்கப்பட்ட தொகை வேறு. உறுதி இல்லாத பகுதியை அணி எந்த ஆண்டும் கைகழுவிவிடலாம். ஆட்டக்காரரை வெளியேற்றிவிட்டால் மிச்சச் சம்பளம் அவருக்குக் கிடையாது. அதனால்தான் கையெழுத்திடும்போதே வாங்கிக்கொள்ளும் சைனிங் போனஸுக்கு அவ்வளவு மதிப்பு. அந்தப் போனஸை அணி தன் சம்பள உச்சவரம்புக் கணக்கில் ஐந்து ஆண்டு வரை பிரித்து எழுதிக்கொள்ளும். நடுவில் ஆட்டக்காரர் தானாக ஓய்வு பெற்றால், மீதி ஆண்டுகளுக்கான பங்கைத் திருப்பிக் கேட்க அணிக்கு உரிமை உண்டு. கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

லயன்ஸ் கேட்டது. பின்னர் பத்திரிகைகளில் வந்த கணக்குப்படி பத்து லட்சம் டாலருக்கு மேல். அவர் கட்டினார். பல ஆண்டு அந்த அணியின் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. அந்தப் பணம் என் பைக்குத் திரும்பினால்தான் மற்ற பேச்சு என்று வெளிப்படையாகவே சொன்னார்.

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, கோடிக்கணக்கில் வாங்கியவருக்கு இதெல்லாம் ஒரு தொகையா?" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி அணி கேட்டதில் தவறில்லை, ஒத்துக்கொள்கிறேன். தொகை அவருக்குப் பெரிதில்லை என்பதும் சரி. அப்படியென்றால் அது அணிக்கும் பெரிதில்லையே? ஃபோர்டு குடும்பத்துக்குச் சொந்தமான அணி அது. இதே நிர்வாகம் 1999-ல் ஓய்வு பெற்ற, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டக்காரரான பேரி சாண்டர்ஸிடமும் போனஸைத் திருப்பிக் கேட்டு, விவகாரம் நடுவர் தீர்ப்பு வரை போய், சுமார் 55 லட்சம் டாலர் திருப்பித்தர வேண்டியதாயிற்று. ஓட்டச் சாதனைக்கு இன்னும் 1,457 யார்டுதான் பாக்கி என்ற நிலையில் விட்டுவிட்டுப் போனவர் சாண்டர்ஸ். ஒரு தலைமுறை இடைவெளியில் தன் அணியின் மிகச் சிறந்த இரண்டு ஆட்டக்காரர்களும் சீக்கிரம் கிளம்பிப்போனார்கள் என்றால், நியாயமான நிர்வாகம் முதலில் தன்னைத்தான் கேள்வி கேட்டுக்கொள்ளும். இவர்கள் இரண்டு முறையும் ரசீதை எடுத்து நீட்டினார்கள்.

வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில், சீசன் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 29 வயதில் ஓய்வு அறிவித்தார். அணிக்கு அது பேரிடி. ஏறக்குறைய 2.5 கோடி டாலரை அவரிடமிருந்து கோரியிருக்கலாம். கோல்ட்ஸ் விட்டுக்கொடுத்தது.

இன்னொரு வாதம், சாம்பியன்களுக்குக் கிடைக்கும் மோதிரம். இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வெல்லாதவர் எப்படி மிகச் சிறந்தவர் ஆவார் என்பது. ஜான்சன் ஆடிய ஒன்பது சீசனில் லயன்ஸ் தோற்றால் வெளியேறும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனது இரண்டே முறை, இரண்டும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. அதில் ஒன்றில், நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக, இவர் மட்டும் 12 பந்துகள் பிடித்து 211 யார்டு எடுத்திருந்தார். அணி வாங்கிய புள்ளி 28, கொடுத்த புள்ளி 45. அதற்கு மேல் ஒரு ரிசீவர் என்ன செய்ய முடியும், தடுப்பாட்டத்துக்கும் இறங்கி நிற்பதா? வேறு அணிக்குப் போகலாமே என்றால், அதையும் அவர் யோசிக்காமல் இல்லை. ஒப்பந்தத்திலிருந்து தன்னை விடுவிக்க அணி தயாராக இல்லை, திரும்ப ஆடினாலும் அங்கேதான் ஆட வேண்டும் என்று 2017-ல் சொன்னார். ஸ்டாஃபோர்டுக்கு அந்த வாசல் திறந்தது. 2021-ல் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸுக்கு மாற்றினார்கள், முதல் சீசனிலேயே சூப்பர் பௌல் வென்றார். அதே கை, அதே எறிதல்.

2021-ல் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே ஜான்சன் அமெரிக்கக் கால்பந்தின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். 731 பந்துகள், 11,619 யார்டு, 83 டச்டவுன். இவ்வளவு குறைந்த காலம் ஆடிய ரிசீவருக்கு முதல் வாய்ப்பிலேயே இடம் கிடைப்பது எளிதல்ல. வாக்களித்தவர்களுக்கு மோதிரம் தேவைப்படவில்லை. லயன்ஸுக்குத்தான் தாமதம். புது நிர்வாகம், புதுப் பயிற்சியாளர், நீண்ட சமரசப் பேச்சு எல்லாம் முடிந்து 2024 செப்டம்பரில் ஃபோர்டு ஃபீல்டு மைதானத்தில் ஆட்ட இடைவேளையின்போது அணியின் பெருமைக்குரியவர்கள் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்த ரசிகர்களுக்கும் அவருக்கும் இடையே எந்தக் கணக்கும் பாக்கி இருந்ததில்லை. நிர்வாகம் ஒரு காசோலையை வாங்காமல் விட்டிருந்தால் இதற்கு எட்டு வருடம் ஆகியிருக்க வேண்டியதில்லை.