தண்ணீர் ஊத்துற பண்டிகை

உங்க கட்டுரையில யூதர்களோட கூடாரப்பண்டிகைன்னா ஏழு நாள் குடிசை போட்டு தங்குறது, புதிய ஏற்பாட்டுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தமில்லன்னு முடிச்சிட்டீங்க, அது சரியில்லங்க. புதிய ஏற்பாட்டுல யோவான் சுவிசேஷம் 7ம் அதிகாரமே அந்தப் பண்டிகையிலதான நடக்குது. மிஷ்னால (யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பு) பாருங்க, ஆசாரியர் (ஆலயத்துல பலி செலுத்துறவர்) தங்கக் குடத்துல எருசலேம்ல இருந்த சீலோவாம் குளத்து தண்ணிய மொண்டு வந்து பலிபீடத்துல ஊத்துவார், மழைக்காலம் தொடங்குற நேரம் இல்லையா, மழைக்கான வேண்டுதலும் அதோட சேர்ந்தது. ஒரு தடவ ஒருத்தர் தண்ணிய தன் கால்ல ஊத்திட்டாராம், ஜனங்க கையில இருந்த எத்ரோக்கால (அந்தப் பண்டிகைக்கு கையில எடுத்துட்டு வர்ற பழம், நார்த்தங்காய் மாதிரி இருக்கும்) அவர அடிச்சிட்டாங்க, அதனால அடுத்த ஆளுங்ககிட்ட "கைய நல்லா தூக்கி ஊத்து"ன்னு சொல்ற வழக்கம் வந்துச்சு 😀 இப்படி எல்லாரும் தண்ணியே கண்ணா இருக்குற பண்டிகையோட கடைசி நாள்ல இயேசு நின்னு, தாகமா இருக்கிறவன் என்கிட்ட வந்து குடிக்கட்டும்னு சத்தமா சொல்றார், அங்க நின்னவங்களுக்கு அது எப்படி கேட்டிருக்கும்! அடுத்து 9ம் அதிகாரத்துல பார்வையில்லாதவர கழுவச் சொல்லி அனுப்புறதும் அதே குளத்துக்குத்தான். அந்தக் குளத்தோட படிக்கட்டு 2004ல எருசலேம்ல சாக்கடை பைப் வேலை பார்க்கும்போது வெளிய வந்துச்சு, அந்த போட்டோவ கட்டுரையில போட்டிருக்கலாம்.