ஊருணியில் விடாதே தம்பி

"அண்ணே, இவனுக்குத் தொட்டி பத்தல. பேசாம நம்ம ஊருணில விட்டுறவா?"

நேற்று இரவு சித்தப்பா மகன் வாட்ஸப்பில் கேட்டான். கூடவே ஒரு படம். நான்கடித் தொட்டியில் ரெட் டெயில் கேட்ஃபிஷ். மீசை ஒரு கண்ணாடியில் இடிக்கிறது, வால் எதிர்க் கண்ணாடியில் மடங்கிக் கிடக்கிறது. போன வருடம் மூன்று அங்குலக் குஞ்சாக வாங்கியது. "தொட்டி அளவுக்குத்தான் சார் வளரும்" என்றார்களாம் கடையில். பல வருடம் முன்னால் எனக்கும் இதையேதான் சொன்னார்கள், நானும் நம்பினேன். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் திட்டினேன்.

தொட்டிக்குத் தக்க மீன் வளரும் என்பது பச்சைப் பொய். அமேசானிலும் ஓரினோகோவிலும் ஒரு மீட்டரைத் தாண்டி வளர்கிற மீன் அது. 4 x 1.5 x 1.5 அடித் தொட்டி பிடிப்பது சுமார் 250 லிட்டர். அதற்குள் ஒரு மீன் வளராமல் நின்றுவிட்டால், அது உங்கள் வீட்டுக்கு அடங்கிப் போனது என்று நினைக்காதீர்கள். கெட்ட தண்ணீரில் கிடந்து நலிகிறது.

என் கதை அரவணா மீனில் தொடங்கியது. வாஸ்துவுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, வெள்ளி அரவணா ஒன்றை வாங்கிப் பட்டாலைக் கூடத்தில் வைத்தோம். வருகிறவர்கள் எல்லாம் தூணையும் நிலைக்கதவையும் விட்டுவிட்டு மீனைத்தான் பார்ப்பார்கள். காட்டில் தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளையிலிருந்து பூச்சியைத் தாவிப் பிடிக்கிற சாதி அது. மூடிமேல் கனம் வைக்க ஒருநாள் மறந்தேன். விடிகாலையில் கோலம் போட எழுந்த அம்மாதான் பார்த்தார். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைக்கு நடுவே விறைத்துக் கிடந்தது. வாஸ்து பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

இன்னொரு கூத்து உயிர்த்தீனி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து ஆஸ்கார் மீன் தொட்டியில் பத்து கோல்டுஃபிஷ்ஷைக் கொட்டி வீடியோ எடுப்பது. எனக்குப் பிடிக்காது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அந்த ஆஸ்காருக்கே அது கேடு. கோல்டுஃபிஷ் உடம்பில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அதையே தின்று வளர்ந்தால் பி1 சத்து அழியும். தீனி மீனோடு கடைத்தொட்டியின் நோயும் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும். கோழி ஈரலும் தினப்படி வேண்டாம், அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது. பெல்லட் என்கிற உருண்டைத் தீனிக்குப் பழக்குங்கள், ஆசைக்கு முள்ளெடுத்த ஜிலேபி மீன் துண்டு கொடுங்கள். ஆஸ்கார் நாலு நாள் முறைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். பிறகு தின்னும்.

சரி, ஊருணி. "ஒத்த மீனுதானே அண்ணே" என்கிறான். காஷ்மீர் தால் ஏரியைச் சுத்தம் செய்தபோது, 2023 மே மாதம், வட அமெரிக்காவின் அலிகேட்டர் கார் என்கிற மீன் ஒன்று சிக்கியது. அது தானாக நீந்தியா வந்தது? ஆப்பிரிக்கன் கெளுத்தியை 2000-லேயே நாட்டில் தடை செய்தார்கள், இன்னும் ஒழிந்தபாடில்லை. 'டேங்க் க்ளீனர்' என்று ஐம்பது ரூபாய்க்கு விற்ற முரட்டுச் செதில் மீன் இன்று ஏரியில் வலையைக் கிழிக்கிறது. கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் வீணாகாமல் ஊருணிக்குப் போக வழி கட்டிய ஊர் இது. ஊருணி நிறைந்தால் கண்மாய், கண்மாய் மறுகால் போனால் அடுத்த கண்மாய். நல்ல மழை பெய்தால் அந்த ஒத்த மீன் எந்த ஊரில் நிற்கும் என்று உனக்குத் தெரியுமா? அங்கே அயிரையும் கெண்டையும் நம்பி ஊரே மீன்பிடிக்க இறங்கும். ஊருணியில் விடுவதைவிடக் கொன்றுவிடுவது மேல். கல்நெஞ்சன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

ஊன் தின்னும் மீனே வளர்க்காதே என்று நான் சொல்லவில்லை. இப்போது என் தொட்டியில் நிற்பது குறவை. நம்ம கண்மாய் மீன், விராலுக்குத் தம்பி. பெரும்பாலும் ஒரு அடிக்குள் நின்றுவிடும். மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கும், அதனால் கரண்ட் போய் மோட்டார் நின்றாலும் நாம் பதற வேண்டாம். கோடையில் வற்றுகிற குளத்தில் சேற்றுக்குள் பிழைத்துக் கிடக்கிற மீனுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு ஒரு பொருட்டா? பாசிக்குப் பின்னால் அசையாமல் நின்று, ஒரு நொடியில் பாய்ந்து கவ்வும். முந்நூறு ரூபாய் டிக்கெட்டில் பார்க்கிற சண்டைக்காட்சி தோற்றது.

"குறவையா? அது குழம்பு மீன்ல அண்ணே" என்று சிரிக்கிறான் தம்பி. அப்பத்தா இருந்திருந்தால் அவன் கட்சிதான்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு நண்பர் தோட்டத்தில் பெரிய சிமெண்ட் தொட்டி இருக்கிறது, வாய்க்கால் தொடர்பு கிடையாது. ரெட் டெயிலை வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். ஞாயிறு காலை கொண்டுபோக வேண்டும். காரைக்குடியில் யாரிடமாவது மூடி போட்ட 200 லிட்டர் நீல டிரம் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ரசாயனம் வைத்திருந்த டிரம் வேண்டாம்.