அச்சு ஓவியம் நகல் இல்லை
"அச்சு ஓவியத்தை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம், அதை ஓவியத்தோடு சேர்த்துக் கண்காட்சிக்குத் தேர்வு செய்வது நியாயமில்லை" என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. போன வருடம் எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் படைப்பு அனுப்பக்கூடிய திறந்த கண்காட்சிக்கு என் லினோகட் ஒன்று, அதாவது லினோலியம் என்ற தரைவிரிப்புப் பொருளில் செதுக்கித் தாளில் எடுக்கும் அச்சு ஓவியம், தேர்வானது. மொத்தமே 12 பிரதிதான். லினோலியத்தை வெயிலில் வைத்து இளக்கி, செதுக்கி, மை உருட்டி, கரண்டியின் முதுகால் தாளைத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அதற்குள் ஐந்து தாள் பாழ். சரி, என்னை விடுங்கள், பழைய டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஒரே செப்புத் தகட்டைத் திரும்பத் திரும்ப மாற்றி அச்செடுத்தாரே, அவையும் நகலா? லண்டனில் உள்ள கலை அமைப்பான ராயல் அகாடமி 1769 முதல் ஆண்டுதோறும் நடத்தும் கோடைக் கண்காட்சியில் யார் வேண்டுமானாலும் படைப்பு அனுப்பலாம். அங்கே அச்சு ஓவியங்களும் ஓவியங்களோடுதான் தேர்வாகின்றன.